புள்ளலூரில் விழுந்த மலைநாட்டார்

பிரிட்டனின் இரண்டாம் ஜார்ஜ் மன்னனுக்கு எதிராக வாளெடுத்த குற்றத்துக்குத் தலையையே விலையாகக் கொடுத்திருக்க வேண்டிய ஒருவர், முப்பது ஆண்டுகள் கழித்து அதே மன்னனின் பேரனுக்காக ஒரு படையைத் திரட்டிக் கொடுத்தார். அவர் பெயர் ஜான் மக்கென்சி. லார்ட் மக்லியோட் என்பது அவருடைய பட்டம். 1745இல் ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் அரியணை கேட்டுக் கிளர்ந்தபோது, கிராமார்ட்டி பிரபுவும் அவருடைய மூத்த மகனான இந்த ஜானும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். கல்லோடன் களத்தில் அந்தக் கிளர்ச்சி நசுக்கப்படுவதற்கு முந்தைய நாள், 1746 ஏப்ரல் 15 அன்று, ஸ்காட்லாந்தின் வடக்கே டன்ராபின் கோட்டையில் இருவரும் பிடிபட்டார்கள். தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வயிற்றில் குழந்தையோடு இருந்த அவருடைய மனைவி மன்னனிடம் நேரில் சென்று மன்றாடியதால் அவர் உயிர் தப்பியது. அந்தக் குழந்தை கழுத்தில் கோடரி வடிவ மச்சத்தோடு பிறந்தது என்று ஒரு கதை உண்டு. நம் ஊர்ப் பாட்டிமார்கள் கேட்டிருந்தால் தயங்காமல் நம்பியிருப்பார்கள். மகனுக்கு மன்னிப்புக் கிடைத்தது, நிலங்கள் கிடைக்கவில்லை. அவர் சுவீடனுக்குப் போய், அந்நாட்டுப் படையில் தளபதி நிலைவரை உயர்ந்தார்.

1777இல் அவர் ஊர் திரும்பியபோது, பிரிட்டிஷ் அரசு அமெரிக்கப் போருக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு சொத்தும் இல்லாத இந்த முன்னாள் துரோகியிடம் அரசுக்குத் தேவையான ஒன்று இருந்தது. ராஸ் பகுதியில் மக்கென்சி என்ற பெயருக்கு இன்னும் ஆள் வந்தது. சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேலிக் மொழி பேசிய ஸ்காட்லாந்து மலைநாட்டார், அதாவது ஹைலேண்டர்கள். 73ஆம் எண் பெற்ற அந்தப் படைப்பிரிவுக்கு மக்லியோடின் ஹைலேண்டர்கள் என்பது வழக்குப் பெயர். பின்னாளில் எண் 71 ஆயிற்று, பெயரும் பலமுறை மாறிற்று. ஆனால் சீருடையின் டார்ட்டன் என்ற குலவழிக் கட்டம் மட்டும் மக்கென்சிகளுடையதாகவே நெடுங்காலம் நீடித்தது.

இந்த ஆட்கள் ஏன் சேர்ந்தார்கள் என்ற கேள்வியைப் படைப்பிரிவின் வரலாறுகள் பெரும்பாலும் விசுவாசம் என்ற ஒரே விடையோடு முடித்துவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. கல்லோடனுக்குப் பிறகு மலைநாட்டு ஆண்கள் டார்ட்டன் உடை அணிவதையே சட்டம் தடைசெய்திருந்தது. அந்தத் தடை 1782 வரை நீக்கப்படவில்லை. படைவீரர்களுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. தாத்தா உடுத்திய உடையைப் பேரன் சட்டப்படி உடுத்த வேண்டுமானால் தாத்தாவைத் தோற்கடித்த மன்னனின் சம்பளப் பட்டியலில் சேர வேண்டியிருந்தது. அதோடு, குத்தகை நிலத்தைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு பையனைப் படைக்கு அனுப்புவது அந்நாளில் குடும்பங்கள் போட்ட கணக்குகளில் ஒன்று. மக்லியோட் போட்டதும் அதே கணக்கின் பெரிய வடிவம்தான். 1784இல் கிராமார்ட்டி நிலங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

அவருடைய பக்கத்துவீட்டுப் படை என்று சொல்லத்தக்க சீஃபோர்த் ஹைலேண்டர்கள் அத்தனை பணிவாகப் போகவில்லை. 1778 செப்டம்பரில், தங்களைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விற்றுவிட்டார்கள் என்ற வதந்தி பரவியதும், அவர்களில் சில நூறு பேர் லீத் துறைமுகத்தில் கப்பலேற மறுத்து, எடின்பரோவின் ஆர்தர்ஸ் சீட் குன்றின்மீது ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். நகர மக்கள் அவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, யாருக்கும் தண்டனை இல்லை என்ற வாக்குறுதியோடு இறங்கி வந்தார்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களும் சென்னைக்குத்தான் அனுப்பப்பட்டார்கள். வழியில் ஸ்கர்வி நோயால் இருநூறுக்கும் மேற்பட்டோர் கடலில் இறந்தார்கள். படையைத் திரட்டிய சீஃபோர்த் பிரபுவும் பயணத்திலேயே காலமானார்.

மக்லியோடின் முதல் பட்டாலியன் 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. அந்த ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். அவரை எதிர்க்கப் படை திரட்டிய தளபதி ஹெக்டர் மன்றோவும் ராஸ் பகுதிக்காரர்தான். வடக்கே குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த கும்பினிப் படைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் பெய்லி, இன்வர்னெஸ் அருகே டனெய்னைச் சேர்ந்தவர். அடுத்தடுத்த மலைச்சரிவுகளில் பிறந்த மூவர், இரண்டு படைகளை எங்கே சேர்ப்பது என்று காஞ்சிபுரத்தையும் கும்மிடிப்பூண்டியையும் வைத்துத் திட்டம் போட்டதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

திட்டத்தைக் கெடுத்தது கொசஸ்தலையாறு. அதை அறிந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும்: பெரும்பாலான மாதங்களில் மணல்தான், மேற்கே மழை கொட்டினால் ஒரே இரவில் கரை புரளும். பெய்லி வடகரையில் ஒருநாள் தங்கிவிட்டுக் காலையில் கடக்கலாம் என்று இருந்தார். வெள்ளம் வந்து அவரைப் பல நாட்கள் நிறுத்திவிட்டது. அந்த இடைவெளியில் திப்பு அவரைத் தேடி வந்து, செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் மோதினார். பெய்லியின் உதவிக்கு மன்றோ ஆயிரம் பேரை அனுப்பினார். அவர்களில் மக்லியோடின் ஹைலேண்டர்களில் தேர்ந்தெடுத்த இரண்டு கம்பெனிகளும் இருந்தன. அவற்றோடு போனவர் கேப்டன் டேவிட் பேர்டு, இருபத்திரண்டு வயது.

செப்டம்பர் 10 விடியற்காலை, புள்ளலூரை நெருங்கும்போது பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் மூன்று பக்கமும் சூழ்ந்தார்கள். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் நெருக்கிய வேளையில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. அதற்குப் பிறகு நடந்தது போர் என்பதைவிட, சதுரமாக நின்ற கூட்டம் சிறுகச் சிறுகக் குறைந்த கதை. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படைப்பிரிவின் கதைகளில் அவர்கள் ஒரு கூட்டுத்தொகையாக மட்டுமே வருகிறார்கள். பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில், காஞ்சிபுரத்தில், மன்றோவின் முதன்மைப் படை நின்றது. மக்லியோடும் அங்கேதான் இருந்தார். உதவி போய்ச் சேரவில்லை. மறுநாள் மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டை நோக்கிப் பின்வாங்கினார்.

காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரனான எனக்குப் புள்ளலூர் என்றால் பள்ளிப்பாடத்தில் வந்த மகேந்திரவர்மனும் புலிகேசியும்தான். வயல் நடுவே நிற்கும் இரண்டு உயரமான நினைவுத்தூண்களைக் காணப் போனது பின்னாளில். வரப்போரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விசாரித்தேன். "அதுங்களா? வெள்ளக்காரன் சமாதிங்க. கிட்டப் போவாதீங்க தம்பி, பாம்பு கெடக்கும்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தூண்கள் அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்டில், அதே களத்தில் பிரிட்டிஷ் தளபதி அயர் கூட் நடத்திய இரண்டாவது போரில் இறந்த அதிகாரிகளுக்கானவை. கூட்டின் படை அங்கே வந்தபோது, முந்தைய ஆண்டில் விழுந்தவர்களின் எலும்புகள் இன்னும் புதைக்கப்படாமல் கிடந்தன.

உயிரோடு பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பேர்டுக்கு உடம்பில் பல காயங்கள். தொடையில் பாய்ந்த குண்டு உள்ளேயே இருந்தது. கைதிகளுக்கு விலங்கு பூட்ட ஆள் வந்தபோது, காயம் ஆறாத பேர்டை விட்டுவிடும்படி லூக்கஸ் என்ற கேப்டன் கேட்டார். இத்தனை கைதிகளுக்கு இத்தனை விலங்கு என்று கணக்கிட்டு அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று பதில் வந்ததாம். அப்படியானால் அவருடைய விலங்கையும் சேர்த்து எனக்கே பூட்டிவிடுங்கள் என்றார் லூக்கஸ். பேர்டுக்குச் சிலகாலம் விலக்குக் கிடைத்தது. லூக்கஸ் அந்தச் சிறையிலிருந்து வெளியே வரவில்லை. பெய்லியும் 1782இல் அங்கேயே இறந்தார். உடன் இருந்தவர்களில் ஜான் லின்ட்சே என்ற இளம் அதிகாரி ரகசியமாக நாட்குறிப்பு எழுதிவந்தார். சிறையின் பசியும் நோயும் சலிப்பும் நமக்குத் தெரியவருவது இப்படிப்பட்ட குறிப்புகளால்தான்.

கைதிகளை இருவர் இருவராகச் சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஸ்காட்லாந்தில் பேர்டின் தாயாரை எட்டியது. மகனின் முன்கோபத்தை நன்றாக அறிந்த அந்த அம்மாள், எங்கள் டேவியோடு சேர்த்துக் கட்டப்பட்ட பிள்ளையைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்றாராம். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கடல் கடந்த ஒரு சிறையில் மகன் இருக்கிறானா இறந்தானா என்று உறுதியாகத் தெரியாத ஒரு தாய் வேறு எப்படித்தான் பேசியிருக்க முடியும் என்றும் தோன்றியது.

1784இல் மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகு விடுதலையான பேர்டு, பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1799 மே 4 அன்று, அதே கோட்டையின் உடைந்த மதில்மீது ஏறித் தாக்கும் படைக்குத் தலைமை தாங்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். திப்புவின் உடலை அன்றிரவு விளக்கொளியில் கண்டெடுத்த காட்சியை டேவிட் வில்கி 1839இல் பெரிய ஓவியமாகத் தீட்டினார். பேர்டின் காலடியில் பாதாளச் சிறையின் கம்பிச் சாளரம் ஒன்றை அவர் மறக்காமல் வரைந்திருக்கிறார். ஓவியம் சொல்லாத ஒன்று உண்டு. கோட்டையைப் பிடித்தவர் பேர்டு. மறுநாளே அதன் பொறுப்பை ஏற்றவர், கவர்னர் ஜெனரலின் தம்பியான ஆர்தர் வெல்லெஸ்லி. பேர்டு இதை வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை. அவருடைய பழைய படைப்பிரிவு அப்போது ஸ்காட்லாந்துக்குத் திரும்பியிருந்தது. உடல்நலத்தோடு இருந்த சிப்பாய்களை மட்டும் இங்கிருந்த மற்றப் படைப்பிரிவுகளுக்கு மாற்றிவிட்டு, பெயரும் அதிகாரிகளும்தான் ஊர் போய்ச் சேர்ந்தன.

படைப்பிரிவு தன் குடும்பச் சொத்துப்போலக் காத்துவந்த இன்னொரு கதை பரங்கிப்பேட்டையில் நடந்தது. 1781 ஜூலை 1 அன்று அயர் கூட் அங்கே ஹைதரை எதிர்கொண்டார். ஐரிஷ்காரரான கூட்டுக்குப் பேக்பைப் என்ற ஸ்காட்லாந்து ஊதுகருவியின்மேல் மதிப்பு இல்லை. நாகரிகப் படைக்கு ஒவ்வாத பழங்காலச் சாமான் என்பது அவர் எண்ணம். அன்று மக்லியோடின் ஹைலேண்டர்கள் முன்வரிசையில் நின்றார்கள். குண்டுமழை கடுமையாகும்போதெல்லாம் அவர்களுடைய பைப்பர்களில் ஒருவர் இன்னும் உரக்க, இன்னும் ஆவேசமாக ஊதினார். கூட் மனம் மாறி, அருமை தம்பி, இதற்காக உனக்கு வெள்ளியில் பைப் செய்து தருகிறேன் என்று அங்கேயே சொன்னாராம். சொன்னபடி ஐம்பது பவுண்டு கொடுத்தார். வாசகம் பொறித்த வெள்ளி பைப் படைப்பிரிவுக்கு வந்து சேர்ந்தது.

கதை அத்தனை துல்லியமாகக் கைமாறி வந்திருக்கிறது: நாள், இடம், தளபதியின் பேச்சு, பவுண்டுக் கணக்கு, எல்லாம். ஊதியவரின் பெயரை மட்டும் அந்தக் கதை சொல்வதில்லை. 27 ஆண்டுகள் கழித்து, 1808 ஆகஸ்டில், போர்ச்சுக்கலில் விமெய்ரோ என்ற இடத்தில் அதே படைப்பிரிவின் பைப்பர் ஜார்ஜ் கிளார்க் குண்டடிபட்டு விழுந்தார். நடக்க முடியாமல் போனதும், தரையில் உட்கார்ந்தபடியே தோழர்கள் முன்னேறுவதற்காக ஊதிக்கொண்டிருந்தார். லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம் அவருக்குப் பைப் பரிசளித்தது. அவர் பெயர் நிலைத்துவிட்டது. பத்திரிகைகளும் சங்கங்களும் பெருகிய காலத்தில் அவர் ஊதினார் என்பது ஒன்றுதான் இருவருக்கும் உள்ள வேறுபாடு என்று நான் நினைக்கிறேன். அதிகாரிகளின் கதைகளுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்களுக்குக் கடிதம் எழுதும் குடும்பங்களும் ஓவியருக்குப் பணம் கொடுக்கும் மனைவிமாரும் இருந்தார்கள். வில்கியிடம் ஓவியம் கேட்டவர் பேர்டின் மனைவிதான்.

ராஸ் பகுதியில் ஆல்னெஸ் ஊருக்கு மேலே ஃபைரிஷ் என்ற குன்று இருக்கிறது. ஸ்காட்லாந்து போயிருந்தபோது ஒரு நண்பரோடு அதில் ஏறினேன். பைன் மரங்களுக்கு ஊடே செங்குத்தான பாதை. மரங்கள் முடிந்த இடத்தில் ஊதா நிறப் புதர்களும் ஓயாத காற்றும். உச்சியில், கரடுமுரடான கல்லால் கட்டிய வளைவுகளும் தூண்களும் வானத்தை வெட்டிக்கொண்டு நிற்கின்றன. வேறெங்கும் காண முடியாத விந்தை என்று அங்கே வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். எனக்கோ அது ஊர்க்காரரைப் பார்த்தது போல இருந்தது, ஏனென்றால் அது நாகப்பட்டினம். 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த ஹெக்டர் மன்றோ, ஊர் திரும்பியதும் அந்தக் கோட்டை வாசலின் சாயலில் கட்டிய நினைவுச்சின்னம் அது. பஞ்சத்தில் இருந்த சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கட்டினார் என்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று, ஏற்றிய கற்களை அவரே மலைச்சரிவில் உருட்டிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லிக் கூலி கொடுத்தார் என்று ஒரு கதையும் உண்டு.

நான் அந்தக் கதையைச் சந்தேகத்தோடுதான் கேட்டேன். காஞ்சிபுரத்தில் காத்திருந்து பெய்லியை இழந்த தளபதிக்கு, நாகப்பட்டின வெற்றியை ஊர் பார்க்கும் உயரத்தில் நிறுத்திவைக்க வேறு காரணமும் இருந்திருக்கும். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே கிராமார்ட்டி கடற்கழியும், அதில் பழுதுபார்க்க நிறுத்தியிருக்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரிகின்றன. மக்லியோட் ஆள்சேர்த்த நாடு அந்தக் கழியைச் சுற்றித்தான் இருக்கிறது. புள்ளலூரிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பிள்ளைகளை இழந்த வீடுகள் அந்தச் சமவெளியில் பல இருந்திருக்க வேண்டும். அவர்களை நினைவூட்டும் எதையும் நான் அந்த மலையில் காணவில்லை.

71ஆம் படைப்பிரிவு பின்னர் கிளாஸ்கோ நகரத்தோடு இணைந்தது. 1881இல் அதனோடு 74ஆம் படைப்பிரிவைச் சேர்த்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்று ஆக்கினார்கள். 74ஆம் படைப்பிரிவும் 1787இல் இந்தியச் சேவைக்கென்றே, அப்போதைய சென்னை கவர்னர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெல் பெயரில் திரட்டப்பட்டது. 1803 செப்டம்பர் 23 அன்று அஸ்ஸே போரில், தவறான திசையில் முன்னேறி மராத்தியரின் பீரங்கிகளுக்கு நேரே போய்விட்ட அவர்கள், ஏறத்தாழ எல்லா அதிகாரிகளையும் இழந்தார்கள். வெற்றிக்குப் பிறகு கும்பினி அவர்களுக்கு மூன்றாவது கொடி ஒன்றைச் சிறப்பாக வழங்கியது. யானைச் சின்னமும் அப்படித்தான் வந்தது. அஸ்ஸேயில் வெல்லெஸ்லியோடு நின்ற காலாட்படையில் பெரும்பகுதி சென்னை மாகாணச் சிப்பாய்கள். அவர்களுடைய வாரிசான இந்தியப் படையின் மெட்ராஸ் ரெஜிமெண்ட், குன்னூருக்கு அருகே வெலிங்டனில் தலைமையிடம் வைத்துக்கொண்டு, இன்றும் அதே அஸ்ஸே யானையைத் தன் சின்னத்தில் சுமக்கிறது. கிளாஸ்கோவில் ஒரு காலத்தில் மதுக்கடைவரை தெரிந்திருந்த சின்னம் நீலகிரியிலும் இருப்பது அங்குள்ளவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

இருபதாம் நூற்றாண்டில் அந்தப் படைப்பிரிவில் மலைநாட்டார் குறைந்து, கப்பல் கட்டுமிடங்களிலும் டிராம் வண்டிகளிலும் வேலை செய்தவர்கள் நிறைந்தார்கள். 1914 செப்டம்பரில் கிளாஸ்கோ மாநகராட்சி டிராம்வேயின் மேலாளர் ஜேம்ஸ் டால்ரிம்பிள் தம் ஊழியர்களுக்கு அழைப்பு விடுத்தார். பதினாறு மணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களும் நடத்துநர்களும் சேர்ந்துவிட்டார்கள். அது 15ஆவது பட்டாலியன். 16ஆவது, பாய்ஸ் பிரிகேட் என்ற சிறுவர் அமைப்பில் வளர்ந்தவர்களால் நிறைந்தது. 1916 ஜூலை 1 அன்று சோம் களத்தில் அது சிதைந்தது. அதே நவம்பரில் அந்தப் பட்டாலியனைச் சேர்ந்த சிலர், முன்னேறிப் பிடித்த ஜெர்மன் பதுங்குகுழி ஒன்றில் பின்புறத் தொடர்பு அறுந்து மாட்டிக்கொண்டார்கள். உணவும் தண்ணீரும் இல்லாமல், சரணடையச் சொன்ன ஜெர்மானியரின் அழைப்பையும் மறுத்து, ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். பணிமனையிலும் கணக்கர் மேசையிலும் இருந்த பையன்கள். அண்ணன் தம்பியும் அண்டை வீட்டாரும் ஒரே பட்டாலியனில் இருந்ததால், ஒரு நாள் சண்டையில் முழுத் தெருவும் துக்கம் காத்தது.

1959இல் இந்தப் படைப்பிரிவை ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற தாழ்நாட்டுப் படையோடு இணைக்க அரசு முடிவெடுத்தபோது, பெரும் சண்டை எழுந்தது. அது படை எண்ணிக்கை பற்றியது மட்டுமல்ல, கால்சட்டை பற்றியதும்கூட. பல தலைமுறைகளாக மறுக்கப்பட்டிருந்த கில்ட் என்ற பாவாடை போன்ற மலைநாட்டு உடை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரிக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. தாழ்நாட்டாரோ ட்ரூஸ் என்ற டார்ட்டன் கால்சட்டையை விடமாட்டோம் என்றார்கள். இரு படைப்பிரிவுகளின் கௌரவக் கர்னல்களும் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டாம் உலகப் போரில் ஆர்ன்ஹெமில் பாராசூட் படைப் பிரிவை நடத்திய ராய் அர்க்கார்ட். இருவரும் பதவி இழந்தார்கள். புதிய ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியர்ஸ் ட்ரூஸ்தான் அணிந்தது. அப்படி எரிந்த சண்டை 2006இல் ஸ்காட்லாந்தின் பழைய காலாட்படைப் பிரிவுகளை ஒரே படைப்பிரிவாக்கியபோது மறுபடி கிளம்பியது. இந்த முறை தோற்றவர்கள் எல்லாருமே. பழைய மக்லியோட் படை அதன் இரண்டாவது பட்டாலியனாயிற்று, தனி டார்ட்டன்கள் போய் அனைவருக்கும் பொதுவான ஒரே கட்டம் வந்தது. கிளாஸ்கோவில் நான் பேசிய ஒரு முன்னாள் படைவீரர் அந்தப் பொதுக் கட்டத்தைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.